ரெம்பாவ் நிலத்துக்கு அடிலெய்டில் ஒரு முத்திரை

குரோட் தெருவில், மாடியில் என் அலுவலகம்.
கீழே கொரியர்களின் பேக்கரி. பதினொரு மணிக்கு
வெண்ணெய் வாசம் படியேறி வந்து
யாருடைய உயில் என்று பாராமல் உட்காரும்.

செவ்வாய்க்கிழமை, மழை. ஜுல்ஹில்மி வந்தார்.
ஆஸ்பர்ன் கப்பல் தளத்தில் முப்பது வருடம் வெல்டர்;
கண்ணோரத்தில் இன்னும் அந்தச் சிவப்பு.
பிளாஸ்டிக் உறைக்குள் அம்மாவின் இறப்புச் சான்று,
இரண்டு பட்டாக்களின் நகல்.
போனில் அக்காக்களின் குரல் செய்திகள் ஒன்பது.
"கையெழுத்துப் போடத்தான் வந்தேன். அதற்கு முன்
ஒன்று கேட்கலாமா? எங்கள் நாட்டுச் சட்டம்
எங்கிருந்து வந்தது?"

நோட்டரிக்கு முத்திரைக்குத்தான் கட்டணம்,
வரலாற்றுக்கு இல்லை.
ஆனால் மழை விடுகிற மாதிரி இல்லை.

முதல் பட்டாவைப் பிரித்தேன். மனையும் வயலும்.
தலைப்பிலேயே குறிப்பு: வழக்க நிலம்.
தானா டத்தார் குலத்துப் பெண்களைத் தவிர
வேறு பெயர் இதில் ஏறாது.
மகனென்றாலும் நீங்கள் விருந்தாளி.
சிரித்தார். "அப்பாவும் விருந்தாளிதான்.
நாற்பது வருடம் கூரை மாற்றிய விருந்தாளி."

(எனக்குக் காயல்பட்டினம். எங்களிடமும்
மாப்பிள்ளைதான் வீடு மாறுவார்.
சொல்லவில்லை. சொன்னால் மதியமாகிவிடும்.)

இரண்டாவது, மூன்று ஏக்கர் ரப்பர்.
அம்மா காசு கொடுத்து வாங்கியது. இங்கே
குலம் ஒதுங்கிக்கொள்ள, ஃபராயிள் வந்து கணக்கெழுதும்:
அக்காக்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பங்கு,
உங்களுக்கு இரண்டு.
"வேண்டாம் என்று எழுதத்தானே வந்திருக்கிறேன்."
எழுதலாம், மார்க்கத்திலேயே வழி உண்டு.
ஆனால் முதலில் உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.
கையில் இல்லாததை எப்படி விட்டுக்கொடுப்பீர்கள்?

அதற்கு அவர் கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை.
பேனாவின் மூடியை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

அம்மா அதை வாங்கிய ஒப்பந்தமோ
கல்கத்தாவில் வெட்டிய துணி, லண்டன் அளவு,
தைத்துப் போட்டுக்கொண்டது மலாய் நாடு.
"அப்படியானால் ஏமாற்றுக்காரனுக்கு?"
நானூற்று இருபது என்றேன்.
"ஃபோர் ட்வென்டி! எங்கள் தோட்டத்துத் தமிழர்கள்
கங்காணியைத் திட்டுவது அதுதானா?"
அதேதான். இந்தியாவில் அந்த எண்ணை
அண்மையில் மாற்றிவிட்டார்கள்.
உங்களிடம்தான் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

பட்டாவின் மேல்விளிம்பில் விரலை வைத்தார்.
"இந்தக் காகிதம்?"
எழுந்துபோய் ஜன்னலின் ஆவியைத் துடைத்தேன்.
ஏட்டில் எவர் பெயரோ நிலம் அவருக்கு,
பழம்பத்திரம் தோண்ட வேண்டாம்:
இந்த ஏற்பாடு பிறந்தது இந்த ஊரில்,
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டில்.
ஈயச் சுரங்கக் காலத்தில் உங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.
டாரன்ஸ் முறை என்பார்கள்.
அதோ, ஆற்றுக்குக்கூட அந்தக் குடும்பப் பெயர்தான்.

"யா அல்லாஹ்," என்றார். "ஊர்ச் சட்டம் வேண்டாமென்று
ஓடி வந்து, அதன் பிறந்த வீட்டிலேயே
முப்பது வருடம் வாடகை கட்டியிருக்கிறேன்."

பிறகு, நான் எதிர்பார்க்காத கேள்வி:
"ரெம்பாவில் வழக்கத்துக்கென்று ஒரு குறிப்பு எழுதினார்களே.
இங்கே அந்த முதல் ஏட்டில்
கௌர்னா மக்களுக்கு என்ன எழுதினார்கள்?"

என் மின்னஞ்சலின் அடியில் அவர்களுக்கு
நன்றி சொல்லும் வரி ஒன்று தானாக விழும்.
அந்த ஏட்டில் விழவில்லை.
இதையும் சொல்லிவிட்டு
மை தீர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். தீரவில்லை.

கையெழுத்திட்டார்: ஜுல்ஹில்மி பின் மர்ஸூக்.
விருந்தாளியின் பெயர் அவரோடு எங்கும் வந்திருந்தது.
முத்திரை அழுத்தினேன். காகிதம் முனகியது.

படியிலேயே போன் பேசினார், மலாயில், உரக்க.
மூத்த அக்கா நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை போலும்.
மேலே பார்த்து எனக்கும் சொன்னார்:
"அங்கேயும் மழையாம்.
இன்று மரம் சீவவில்லையாம்."